ஓரகத்தி கொட்டிய சாம்பல்

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால் போனேன். ஈரச் சாம்பல் வாசம். உன் மருமகள் அப்போதுதான் அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தாள். தண்ணீர் தெளித்து, கையால் தடவிப் பார்த்து, ஒரு பொறிகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொட்டியிருப்பாள். நீ பழக்கிய பழக்கம். நான் ஒரு குச்சியை எடுத்து அதைக் கிளறினேன். என் வீட்டில் அடுப்பு எரிகிறது, உலை கொதிக்கிறது, இருந்தும் கிளறினேன். பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் அன்னாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, "இன்னாம்மா தேடுற?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் இதை நீ படிக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். ஒல்லாந்தர் கோட்டையில் துணிப்பொதிக்குச் சுற்றி வந்த காகிதத்தை என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், கொண்டுவந்து கொடுத்தார். உபதேசியார் சம்சாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் இதற்குப் போதும்.

அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான் என்று நாம் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டோம். ஒரே அடுப்பு. ஒருநாள் நீ மூட்டுவாய், மறுநாள் நான். நான் மூட்டும் நாளிலும் அணைப்பது நீதான், ஏனென்றால் என் கைமேல் உனக்கு நம்பிக்கை கிடையாது. நீ பிறந்த ஊர் ஒரு பங்குனியில் முழுவதுமாக எரிந்துபோனதைக் கண்ணால் பார்த்தவள் நீ. "கூரை ஓலை, செவுரு ஓலை, வேலி ஓலை. ஒரு பொறி போதும்டி"னு சொல்லிச் சொல்லி, சாம்பலுக்கு மூன்று தடவை தண்ணீர் தெளிப்பாய். நான் கேலி செய்வேன். சாம்பலைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கத்தான் பாக்கி என்பேன். நீ முறைப்பாய்.

பிறகு உன் கொழுந்தன் கோட்டைக்கு மீன் கொண்டுபோகும்போது உபதேசியார் பேச்சைக் கேட்கத் தொடங்கினார். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் நானும் போனேன். என் முதல் குழந்தை செத்துப்போனதைச் சொன்னதும் அந்த மனிதர், "பிள்ளைக்கு என்ன பேரம்மா?" என்று கேட்டார். செத்த பிள்ளையின் பேரை எடுக்கக் கூடாது என்று நம் வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. நான் பேரைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் ஏன் வேதத்தில் சேர்ந்தேன் என்று பலர் பலவிதமாகப் பேசினார்கள். அரிசிக்காக என்றார்கள், கோட்டை வேலைக்காக என்றார்கள். காரணம் அந்த ஒரு கேள்விதான்.

ஞானஸ்நானம் வாங்கி, சாராள் என்று பேர் வைத்துக்கொண்டு வந்து நின்றேன். உனக்கு நான் கடைசிவரை செங்கேணிதான். "அந்தப் பேரு என் வாய்ல நுழையல"னு சொல்லி முடித்துவிட்டாய்.

கங்கையம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. எங்களுக்குத் தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பாடு கிடையாது என்று தீர்ப்பு. ஏரியில் எந்த வீட்டு வலை எந்த நாளில் எந்த இடத்தில் இறங்கலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கும் முறைதான் பாடு. அது போனால் ஏரி முழுக்க இறால் இருந்தும் எங்களுக்கு ஒன்றுமில்லை. என் சட்டிபானையை வாசலில் எடுத்து வைத்தது நீ. ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் ஊர்மேல்கூட வரவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கும். நீ அப்படி இருக்கலாமா?

உங்கள் வேலிக்கு இந்தப் பக்கம், குப்பைமேட்டை ஒட்டி ஓலைக் குடிசை போட்டோம். உன் கொழுந்தன் சலங்குப் படகில் துணிப்பொதி ஏற்றிக்கொண்டு, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் போகும் வேலையில் சேர்ந்தார். போனால் இரண்டு மூன்று நாள் வரமாட்டார். தண்ணீருக்கு மணலில் ஊற்று தோண்டிக்கொண்டேன். நெருப்புக்குத்தான் வழியில்லை. ஊரில் எல்லாரும் அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கங்கு வாங்கிக்கொள்வார்கள். எனக்குப் பக்கத்து வீடு உன் வீடு. சிக்கிமுக்கிக் கல் இருந்தது. ஐப்பசி மழையில் பஞ்சு ஊறிப்போய்க் கிடக்கும்போது கல்லைத் தட்டினால் கைதான் வலித்தது. அன்னாளுக்கு நாலு வயது, சின்னவனுக்குப் பால் மறக்கவில்லை. அவளுக்கு மார்புச் சளியும் காய்ச்சலும். ஊறவைத்த அரிசியை மென்று இரண்டு நாள் அவள் வாயில் வைத்தேன். துப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் முட்டி போட்டு ஜெபம் பண்ணினேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. "கர்த்தாவே, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு கங்கு நெருப்பு கொடு" என்று மட்டும் கேட்டேன். சொல்லி முடிக்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நீ பெரிதாக இருமினாய். சாம்பல் சட்டியைக் கொண்டுவந்து, எப்போதும் கொட்டும் இடத்தில் கொட்டாமல், வேலியோரம் என் பக்கமாகக் கொட்டிவிட்டுப் போனாய். திரும்பியும் பார்க்கவில்லை. சாம்பலையும் என் வாசலிலேயே கொட்டுகிறாளே என்று திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தால், நடுவில் மெல்லிய புகை. குச்சியால் கிளறினேன். தேங்காய் மட்டைத் துண்டு ஒன்று உள்ளே கனன்றுகொண்டிருந்தது.

அன்னாள் அன்று கஞ்சி குடித்தாள். ஒரு கிண்ணம் முழுவதும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

மறுநாளும் இருமல், சாம்பல், உள்ளே ஒரு கங்கு. அதற்கு மறுநாளும். ஏறக்குறைய நாற்பது காலை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ என்னை வெறுத்து முகம் திருப்பிக்கொண்டவள் என்பது என் தீர்மானம். ஆகவே இதில் உனக்குப் பங்கு இருக்கும் என்று தோன்றவே இல்லை. கர்த்தர் உன்னை மறதிக்காரி ஆக்கிவிட்டார், நெருப்பை அணைக்காமல் கொட்டும்படி உன் புத்தியைக் கலைத்துவிட்டார் என்று நம்பினேன். சாம்பலுக்கு மூன்று தடவை தண்ணீர் தெளிக்கிறவள், நாற்பது நாளும் ஒரே மாதிரி மறந்துபோவாளா? ஒரே ஒரு நாளாவது எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. கர்த்தர் எனக்காகவே அற்புதம் செய்கிறார் என்ற பெருமையில் தலை கனத்துக் கிடந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. எதிர்க்கரையில், கோட்டைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சபைக்கூடத்தில் சாட்சி சொல்ல யாராவது எழும்புங்கள் என்றார் உபதேசியார். நான் எழுந்தேன்.

"எங்க ஓரகத்தி நெருப்புக்கு அவ்ளோ பயந்தவ. அவ கண்ணையே கர்த்தர் கட்டிப்போட்டுட்டாரு. தெனம் ஒரு கங்கு அணையாம எங்க வேலியாண்ட கொட்டிட்டுப் போறா. அவளுக்கே தெரியல!"

எல்லாரும் ஆமென் என்றார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடத்துக்கு வெளியே கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் ஊர்க்காரி ஒருத்தி நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஊர் கூடியது. எனக்கு அங்கே இடமில்லை. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் ஒரு பனைமரத்தடியில் நின்று கேட்டேன். ஊர்ப் பெரியவர் நல்ல மனிதர். உனக்கு வழி விட்டுத்தான் கேட்டார்.

"ஏம்மா, அஜாக்கிரதையா நடந்துச்சு, அவ்ளோதானே? ஆமான்னு சொல்லு. விட்டுடறோம்."

ஆமாம் என்று சொல்லிவிடு, அக்கா, சொல்லிவிடு என்று நான் இங்கிருந்து வேண்டினேன். நீ முந்தானையை இழுத்துச் செருகினாய்.

"எனக்கா அஜாக்கிரதை? என் வூட்டுச் சாம்பல்ல ஒரு பொறி பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. நான்தான் வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். புள்ளைங்களுக்குக் கஞ்சி காய வேணாமா?"

அந்த இறால் பருவம் முழுவதும் உன் புருஷன், என் மூத்தார் வலைக்குப் பாடு இல்லை என்று தீர்ந்தது. வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு வயிறு நிறையும் காலமே அதுதான். உனக்கு மூன்று பிள்ளைகள். என் வாயால் போனது உன் பிள்ளைகளின் சோறு. பனைமரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மூத்தார் உன்னை அடிப்பார் என்று பயந்தேன். அடிக்கவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள், "கொஞ்சம் தள்ளிக் கொட்டியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாராம். நீயே பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறாய். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஊர் கூடிய மறுநாளிலிருந்து இருமல் இல்லை. தண்ணீர் தெளித்த சாம்பல் பழைய இடத்தில் விழுந்தது.

வலைக்குப் பாடு இல்லாத வீட்டுப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அதற்கு யாரும் சீட்டுப் போடுவதில்லை. நீயும் அங்கே வந்துவிட்டாய். கழுத்தில் கட்டிய, இறால் போடும் ஓலைப்பறியை வாயால் கவ்விக்கொண்டு, கை இரண்டையும் தண்ணீருக்குள் விட்டுத் தடவிக்கொண்டே நகர்ந்தாய். இறால் முள் குத்திக் குத்தி உன் விரல் நுனிகள் வெளுத்துப் பிளந்திருந்தன. மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள். நானும் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தேன். இருவரும் தண்ணீரைத்தான் பார்த்தோம்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

நீ பறியை வாயிலிருந்து விட்டாய். "உன் சாமி என் கண்ணைக் கட்டிச்சுனு சொன்னியாமே."

நான் சேற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. யாரு கண்ணு கட்டியிருந்துச்சுனு வூட்டுக்குப் போயி யோசி." கொஞ்சம் தடவிவிட்டு மறுபடி சொன்னாய்: "தெனம் அந்தக் கங்கைச் சாம்பல்ல போத்தி எட்துகினு வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வரும்டி. காத்துல ஒரு பொறி பறந்தா ரெண்டு வூடும் போச்சு. நீ எடுத்துட்டியான்னு பாக்கற வரிக்கும் உள்ள போவமாட்டேன். ஓலைச் சந்துல நின்னு பாத்துகினே இருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாத. இறால் ஓடிடும்" என்றாய். பிறகு நெருப்பை எப்படிக் காப்பாற்றுவது என்று நீயே சொல்லிக்கொடுத்தாய். பானையில் சாம்பல், நடுவில் கங்கு, மேலே உமி போட்டு மூடினால் விடியும்வரை இருக்கும், கடைத்தெருவில் அரிசி குத்துகிறவர்கள் உமியைச் சும்மாவே தருவார்கள் என்றாய். "இவ்ளோ நாளா இதுகூடத் தெரியாம ஒரு பொம்பள!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அப்படிச் செய்தேன். அன்றைக்கு என் அடுப்பில் கிடந்தது நீ கடைசியாகக் கொட்டிய சாம்பலின் நெருப்பு, இரவெல்லாம் கண்விழித்து விறகு தள்ளி நான் அணையவிடாமல் வைத்திருந்தது. அதிலிருந்துதான் எடுத்து மூடினேன்.

அடுத்த ஞாயிறு நான் மறுபடி எழுந்து நின்றேன். போன வாரம் சொன்னது பொய் சாட்சி, கண் கட்டியிருந்தது எனக்குத்தான், என் ஓரகத்தி தெரிந்தே, பயந்துகொண்டே, எங்களுக்கு நெருப்பு கொடுத்தாள் என்று சொன்னேன். இந்தத் தடவை யாரும் ஆமென் சொல்லவில்லை. உபதேசியார் தொண்டையைக் கனைத்தார்.

"கிருபை கர்த்தருடையது, சாராள். மனுஷர் வெறும் பாத்திரம்."

"பாத்திரத்துக்குப் பயம் இருக்காதே, ஐயா. அவளுக்கு இருந்துச்சே" என்றேன். அவர் ஜெபத்தில் உன் வீட்டையும் சேர்த்துக்கொண்டார். நல்லவர்.

எனக்கு அன்றைக்கு ஒன்று தெளிவானது, அதை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. கிருபை மேலேயிருந்து வரும் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமிக்கொண்டு வந்தது. கேட்டது கர்த்தரிடம், கேட்டபடி கிடைத்தது. கொண்டுவந்தது நீ. இரண்டையும் நான் நம்புகிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

உன் வீட்டுக்கு என் அரிசி ஆகாது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கோழிக்குத் தவிடு போடுவதை எந்த ஊரும் தடுக்காது. ஒரு மண்சட்டியில் உன் கோழிகளுக்கென்று தவிட்டை வேலிச் சந்தில் வைப்பேன். மேலே ஒரு பிடி தவிடு, கீழே முழுக்க அரிசி. சட்டி காலியாகித் திரும்பி வரும். ஒரு வாரம் கழித்து இறால் தடவும் இடத்தில், "எங்க வூட்டுக் கோழிங்க இப்போ ரெண்டு வேளை சோறு துன்னுதுங்க" என்றாய், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பருவம் அப்படியே கழிந்தது.

பிறகு வந்த வருஷங்களில் யாரும் கூட்டம் போட்டு விலக்கை எடுக்கவில்லை. ஒரு புயலில் வேலி போனது, திரும்பக் கட்ட நேரமில்லாமல் பாதியில் விட்டோம். பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் ஒன்றாக விளையாடினார்கள். அன்னாள் உன்னைப் பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு உன் வீட்டுக்குள் ஓடினாள், யாரும் தடுக்கவில்லை. பேச்சு வந்தது, போக்குவரத்து வந்தது. நெருப்பு மட்டும் வேலி தாண்டவில்லை. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் புரட்டாசியில் நீ படுத்தபோது பகலெல்லாம் உன் பக்கத்தில்தான் இருந்தேன். உனக்காக ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். "உன் இஷ்டம். மெதுவா பண்ணு, தூக்கம் வருது" என்றாய். மெதுவாகத்தான் பண்ணினேன். கண்ணைத் திறந்து நீ கடைசியாக என்னிடம் கேட்டது, "அடுப்ப அணைச்சிட்டு வந்தியா?" என்பதுதான். அணைத்துவிட்டேன் என்றேன். பொய். அடுப்பில் குழம்பு இருந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன், நீ தூங்கிவிட்டாய். எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடியும்வரை உன் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. முடிந்த மறுநாள், முதல் நெருப்பு உறவுக்காரர் வீட்டிலிருந்து வரவேண்டும். தெரு நிறைய உங்கள் சனம். யாரோ ஒருவர் கொடுப்பார்கள் என்று நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மருமகள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டு தெரு நடுவே நடந்து வந்து என் வாசலில் நின்றாள்.

"சின்னத்தே, நெருப்பு குடுங்க."

நான் விளங்காமல் அவளைப் பார்த்தேன். "என்கிட்டயா?"

"அத்தைதான் சொல்லிட்டுப் போனாங்க. முதல் நெருப்பு சின்னவ வூட்ல வாங்குனு. வேற எங்கயும் வாங்காதன்னாங்க."

தெருவில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. நான் உள்ளே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ கொடுத்த அந்த நெருப்பு எத்தனை மழையில் அணைந்து, எத்தனை தடவை வேறு நெருப்பால் மூட்டப்பட்டதோ. கணக்குப் பார்த்தால் அது உன்னுடையது இல்லை. எனக்கு அது உன் நெருப்புதான். இருப்பதிலேயே பெரிய கங்கை எடுத்து அவள் சட்டியில் வைத்தேன்.

கடல்காற்று அடித்தது. அவள் உன் மருமகள் அல்லவா, பயந்தாள். "சாம்பல் போட்டு மூடிக்கட்டுமா, சின்னத்தே?"

"வேணாம்மா" என்றேன். "தெறந்தே எட்துகினு போ. நான் பின்னாலயே வரேன்."

தெரு நடுவே அவள் முன்னால் போனாள். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். உன் அடுப்பு பற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணும்போது நெருப்புக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு உன் பேரையும் சொல்கிறேன். இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டதில்லை. என் பொய் சாட்சியையும் சொல்ல வேண்டியிருக்குமே என்ற வெட்கத்தில் நானும் சொன்னதில்லை. அன்னாள் அன்று ஒரு கிண்ணம் முழுவதும் குடித்த கஞ்சி எந்த நெருப்பில் காய்ந்தது என்று அவளுக்கே தெரியாது.

இதை மடித்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போகிறேன். சாம்பலில் என்ன தேடினேன் என்று கேட்டாளே. உட்கார வைத்து முதலிலிருந்து சொல்வேன், அக்கா. வாய் நீளம்தானே எனக்கு. இந்தத் தடவை உன் பேரோடு சொல்வேன்.

உன்
செங்கேணி